பத்மாசனியும் அழிய மறுத்த கோப்பும்

வடிவம்மா அன்று காலையும் வந்து அலுவலகக் கொட்டில் வாசலில் கிடந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார். பத்மாசனி சைக்கிளை வேப்பமரத்தோடு சாத்தும்போதே கண்டுவிட்டாள்.

"ஆரு, பத்மா தங்கச்சியா?" சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார் வடிவம்மா. "செயின் கத்துறதுலயே தெரிஞ்சிச்சி. கொஞ்சம் எண்ண போடுங்க தங்கச்சி, அதுவும் பாவம்."

"எண்ணெய்க்கு எங்கை அக்கா போறது? ஜெனரேற்றருக்கே இல்லையாம்."

"அதுசரி. நான் இன்னும் செத்துதான் இருக்கேனா?"

கொட்டிலின் பின்பக்கத்திலிருந்து சின்னராசா சிரிக்கும் சத்தம் கேட்டது. ஜெனரேற்றர், வாசற்காவல், தேத்தண்ணி எல்லாம் அவர் பொறுப்பு.

"வடிவம்மாக்கா, செத்தவைக்கு இஞ்சை தேத்தண்ணி இல்லை. உயிரோடை இருக்கிறவைக்கே சீனி பத்தாது."

"செத்தவளுக்குச் சீனி வேணாம். சும்மா வெறுந்தேத்தண்ணி ஊத்துங்க, குடிச்சிக்கிறேன்."

இந்தப் பகிடி மூன்று மாதமாக நடக்கிறது. முதல் மாதம் பத்மாசனியும் சேர்ந்து சிரித்தாள். இப்போது அவளுக்குச் சிரிப்பு வருவதில்லை.

இரண்டாயிரமாம் ஆண்டின் நடுப்பகுதி. ஸ்கந்தபுரத்தில் தென்னங்கிடுகு வேய்ந்த அரைச்சுவர்க் கொட்டில் ஒன்றில் அந்த உதவி நிறுவனம் இயங்கியது. கொட்டிலுக்குள் ஒரு மேசை, இரண்டு கதிரை, ஓர் அலுமாரி. மேசையில் பழைய சேலையால் போர்த்தியபடி ஒரு கொம்பியூட்டர், பக்கத்தில் ஒரு பிறின்ரர். சுற்றுவட்டாரத்தில் வேறு கொம்பியூட்டர் இருந்ததாகப் பத்மாசனிக்குத் தெரியாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அரைச்சுவரில் வயிற்றை அழுத்தி எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

நிறுவனம் செய்த வேலைகளில் ஒன்று, கண் வருத்தக்காரரை வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஒப்பரேஷன் செய்து கண் வெட்டுவித்துத் திருப்பிக் கொண்டுவருவது. வாகனம் மாதம் ஒருமுறை போகும். ஆனால் இயக்கத்தின் பக்கத்திலிருந்து இராணுவத்தின் பக்கத்துக்கு எல்லையைத் தாண்ட வேண்டும். யார் யார் போகிறார்கள் என்று கொம்பியூட்டரில் அடித்த தாளை முன்கூட்டியே அனுப்பி, இரண்டு பக்கமும் அனுமதி எடுக்க வேண்டும். பேனையால் எழுதிச் சேர்த்த பெயர் செல்லாது. வெட்டித் திருத்தினாலும் செல்லாது. அப்படி ஒருமுறை செய்யப்போய் வாகனத்தில் இருந்த எல்லோரையும் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

வடிவம்மாவுக்கு இடக்கண் முற்றாகப் போய்விட்டது. வலக்கண்ணில் வெள்ளை படர்ந்து, வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரியும். தோட்டங்களில் புல்லுப் பிடுங்கியும் கச்சான் கடலை ஆய்ந்தும் பிழைத்த மனுஷி, இப்போது அயலவர் கொண்டுவந்து கொட்டும் கச்சானைத் தடவித் தடவி உடைத்துக் கொடுத்துச் சாப்பிடுகிறார். வைத்திய முகாமுக்கு வந்த டொக்ரர் போன மாதமே பத்மாசனியிடம் சொல்லிவிட்டார்: "இதுக்கு மேலை பிந்தினால் வெட்டியும் பிரயோசனம் இல்லை. அடுத்த வாகனத்திலை கட்டாயம் அனுப்புங்கோ."

அந்த அடுத்த வாகனத்துக்கான தாள் இன்று மத்தியானம் போக வேண்டும். தாளில் வடிவம்மாவின் பெயருக்குப் பக்கத்தில் 'இறந்தவர்' என்று விழாமல் இருக்க வேண்டும்.

முதல் தடவை அது விழுந்தபோது வாகனத்தடியிலேயே கண்டு இறக்கிவிட்டார்கள். இரண்டாம் தடவை யாரும் கவனிக்கவில்லை, சோதனைச்சாவடி வரைக்கும் போய்விட்டார். அங்கே தாளைப் பார்த்தவன் அவரைப் பார்த்தான், பிறகு திரும்பவும் தாளைப் பார்த்தான். அங்கிருந்து சீமெந்து லொறி ஒன்றில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். வந்து இறங்கிய அன்று தலைமயிரெல்லாம் சீமெந்து. "வெள்ள மயிர மறைக்கணும்ன்னு ஆச, சாம்பல் மயிராக்கி அனுப்பிட்டாங்க" என்று மட்டும் சொன்னார்.

பிழை பத்மாசனியுடையது. அதை அவள் முதல்நாளே வடிவம்மாவிடம் சொல்லிவிட்டாள். இந்தக் குடியிருப்பில் இரண்டு வடிவம்மா. இரண்டு பேரின் புருஷன்மாருக்கும் பெயர் பொன்னையா. இரண்டு பொன்னையாவும் முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். போன வருஷக் கடைசியில் மற்ற வடிவம்மா காய்ச்சலில் செத்துப்போனார். 'வடிவம்மா, பொன்னையா மனைவி, இறந்தவர்' என்று ஒரு துண்டுத்தாள் வந்தது. பத்மாசனி தேடிப் பார்த்து, ஒரு பெயரின் கடைசியில் 'இறந்தவர்' என்று சேர்த்து அடித்தாள். ஒன்று மாறி மற்றது, உயிரோடு இருந்தவரின் பெயர்.

"ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு சாவுதானே வந்திச்சி, யாருக்குன்னு சாமிக்கே கொழப்பம்" என்றார் வடிவம்மா அன்றைக்கு.

பிழையைத் திருத்துவது லேசு என்றுதான் நினைத்தாள். மவுஸால் தொட்டு, பெயரை மாற்றி, முடித்துவிடலாம். ஆனால் அந்தக் கோப்பு அசையவில்லை.

பத்மாசனி கொம்பியூட்டருக்கு வந்த கதை சுருக்கமானது. கிளிநொச்சியில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் தட்டெழுத்தாளராக இருந்தாள். தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்துக் காணிக்கு வந்தவர். பத்மாசனி அந்த வயல் வரம்பிலிருந்துதான் பள்ளிக்கூடம் போனாள், வேலைக்குப் போனாள், கலியாணமும் செய்தாள். தொண்ணூற்றாறில் கிளிநொச்சி இடம்பெயர்ந்தபோது புருஷன் தயாபரன் சைக்கிளில் அரிசி மூட்டையைக் கட்டினான். அவள் தன் சைக்கிளில் தையல் மெஷினைக் கட்டினாள். தட்டெழுத்து மெஷின் சங்கத்தில் நின்றுவிட்டது. பிறகு தயாபரன் காட்டு விறகு சுமந்து விற்றான், ஒருநாள் முள்ளந்தண்டு பிடித்துப் படுத்தான், இன்னும் முழுதாக எழும்பவில்லை. அப்போதுதான் இந்த நிறுவனம் தட்டெழுத்துத் தெரிந்த ஆள் தேடியது. கொழும்பிலிருந்து வந்த ஒருவர் இரண்டு கிழமை இருந்து சொல்லிக்கொடுத்தார்.

அவர் சொல்லிக்கொடுத்ததில் அவளுக்கு மிகவும் பிடித்தது ஒன்று. "முந்தின மெஷினிலை பெயர் எட்டெழுத்துக்கு மேலை வைக்கேலாது மிஸ். இது புதுசு. எவ்வளவு நீளமாயும் வைக்கலாம்."

அதைக் கேட்ட நாளிலிருந்து பத்மாசனி நீளமாகவே வைத்தாள்.

அதற்குக் காரணமும் இருந்தது. ஒரு குடும்பத்துக்கு ஒரு போல்டர், உள்ளே ஆளுக்கொரு கோப்பு. ஒரே பெயரில் நாலு குடும்பம் வந்தபோது பிரித்தறிய ஊரைச் சேர்த்தாள். மனிதர்களும் தங்கள் பெயரைச் சொல்லும்போது ஊரைச் சேர்த்துத்தான் சொன்னார்கள். அதுவும் ஓர் ஊர் அல்ல. "சொந்த இடம் பரந்தன் பிள்ளை, பேந்து உருத்திரபுரம், பேந்து அக்கராயன், இப்ப இஞ்சை." ஒவ்வொரு முறை இடம்பெயரும்போதும் வந்து புது ஊரைப் பதிவார்கள். அப்போது பழையதை எடுத்துவிட அவள் கை வைத்தால், "அதை அழிச்சுப்போடாதேங்கோ, பிறகு காணி கேக்கேக்கை ஒண்டும் இல்லையெண்டுவாங்கள்" என்பார்கள். பழையதை விட்டுவிட்டுப் புதியதைப் பின்னால் சேர்த்தாள். எல்லாம் ஆங்கில எழுத்தில், தமிழ் ஊர்ப்பெயர்கள். பட்டாசுக்கட்டுப் போல ஒன்றோடொன்று கோடிட்டுத் தொங்கின. ஓடிய ஓட்டமெல்லாம் அந்தப் போல்டர் பெயரிலேயே இருந்தது.

அப்படிச் சேர்த்தும் இரண்டு வடிவம்மாவைப் பிரிக்க முடியவில்லை. இரண்டு பேரும் ஓடியது ஒரே பாதை: மாத்தளை, நெடுங்கேணி, பாரதிபுரம், ஸ்கந்தபுரம், கோட்டைகட்டியகுளம், திரும்பவும் ஸ்கந்தபுரம். மெஷினுக்காகப் போட்ட ஒன்று, இரண்டு என்ற இலக்கம் மட்டும்தான் வித்தியாசம்.

ஜெனரேற்றர் இரண்டு தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. சின்னராசா கையைத் துடைத்தபடி வந்து எட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி, மண்ணெண்ணெய் அடியிலைதான் நிக்குது. தாள் அடிக்கிறதெண்டால் கெதியா அடியுங்கோ. உந்தப் பெட்டியோடை கோவிச்சுக்கொண்டு இருக்க நேரமில்லை."

"சரி அண்ணை."

பத்மாசனி சேலையை விலக்கி மெஷினைப் போட்டாள். அது எழும்பி வர எடுக்கும் நேரத்தில் அவளுக்கு எப்போதும் கொட்டாவி வரும். காலையில் கிணற்றடிக்கு நாலு நடை, தயாபரனின் முதுகுக்கு ஒத்தடம், பிறகு இந்த மண் பாதையில் சைக்கிள். இந்தக் கதிரையில் குந்தும்போதுதான் அன்றைக்கு முதல் தடவையாகக் குந்துகிறாள்.

திரையில் அந்தக் கோப்பு கண்ணுக்கு முன்னால் இருந்தது. தொட்டு, அழிக்கச் சொன்னாள். பழைய பதிலே வந்தது. குறிப்பிட்ட கோப்பைக் காணவில்லை, இடத்தையும் பெயரையும் சரிபார்க்கவும்.

"இருக்கிறதை இல்லையெண்டுது" என்றாள் தனக்குள்.

"ஆரைப்போலை?" என்றார் வாசலில் நின்ற சின்னராசா. வாங்கிலிருந்து வடிவம்மா கையை உயர்த்திக் காட்டினார்.

மூன்று மாதத்தில் அவள் செய்யாத வைத்தியமில்லை. திறந்திருந்த எல்லாவற்றையும் மூடிவிட்டு அழித்துப் பார்த்தாள். மெஷினை நிறுத்தி, ஆறவிட்டு, திரும்பப் போட்டுப் பார்த்தாள். கோப்புக்குப் பூட்டுப் போட்டிருக்கிறதோ என்று அதன் குணங்களைக் காட்டும் பெட்டியைத் திறந்து பார்த்தாள், பூட்டு இல்லை. 'இறந்தவர்' என்பதை மட்டும் எடுக்கப் பார்த்தாள், அதே பதில். வடிவம்மாவின் போல்டரை முழுதாக எறியப் பார்த்தாள், உள்ளே இருந்த கோப்பில் வந்து இடறி நின்றது. உயிரோடிருக்கும் வடிவம்மாவுக்கென்று புதுக் கோப்பு ஒன்று திறந்து வைத்தாள். பலனில்லை. தாள் அடிக்கும் வேலையைக் கொழும்புக்காரர் எழுதி வைத்த ஒரு புறோகிராம்தான் செய்தது. அது வவுனியாவுக்குப் போகவேண்டியவர்களின் போல்டர்களுக்குள் போய்ப் பெயர்களைத் தானாகவே வாசித்து அச்சடிக்கும், இடையில் புகுந்து கை வைக்க வழியில்லை. ஒரே குடும்பத்தில் ஒரே பெயர் இரண்டு தடவை இருந்து, ஒன்றில் 'இறந்தவர்' என்று கண்டால், இரண்டையும் சேர்த்து இறந்ததாகவே அடித்துத் தள்ளும்.

ஒருமுறை துணிந்து கறுப்புத் திரைக்கும் போனாள். பழைய காலத்து மெஷின்போல எழுத்து மட்டும் வருகிற திரை அது. அங்கே எல்லாப் பெயரும் ஆறெழுத்தில் வெட்டுப்பட்டு, பின்னால் ஒரு நெளிகோடும் இலக்கமும் ஒட்டிக்கொண்டு நின்றன. வடிவா ஒன்று, வடிவா இரண்டு, வடிவா மூன்று. எது செத்தது, எது உயிர், எது வேறு குடும்பத்து வடிவாம்பிகை என்று தெரியாமல் விரலை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். ஒரு தடவை ஆளை மாற்றிச் சாகடித்தது போதும்.

ஜனார்த்தனன் வந்தான். அவன்தான் பொறுப்பாளர், பத்மாசனியை விட வயது குறைந்தவன். மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே வாசலில் கால் ஊன்றினான். அவன் சட்டை முதுகு முழுக்கப் புழுதி.

"அக்கா, தாள் ரெடியோ? மத்தியானம் தாள் கொண்டுபோற வாகனம் வெளிக்கிட்டிடும்."

"அந்த ஒண்டு இன்னும் சரிவரேல்லைத் தம்பி."

"வடிவம்மாவோ?" அவன் வாங்கைப் பார்த்துக் குரலைத் தணித்தான். "அக்கா, நான் சொல்லுறனெண்டு நினையாதேங்கோ. இந்தமுறை அவாவை விட்டிட்டு மற்றவையை அனுப்புவம். அடுத்த மாதம் கொழும்புக்காரர் வருவார்."

"அடுத்த மாதம் வெட்டிப் பிரயோசனமில்லையாம்."

"எனக்கும் தெரியும்." அவன் முகத்தைத் துடைத்தான். "பதினாறு பேர் இருக்கினம் அக்கா. ஒண்டுக்காக எல்லாரையும் மறிக்கேலாது. போனமுறை வந்தவர் வைரஸைக் கொண்டந்து விட்டிட்டுப் போட்டார் போலை."

"நீங்க பேசுறது கேக்குதுங்க" என்றார் வடிவம்மா. "கண்ணுதான் போச்சி, காது நல்லா இருக்கு."

ஜனார்த்தனன் மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு போனான். வெட்கப்பட்டுத்தான் போனான் என்று பத்மாசனிக்குத் தெரியும். அவனுக்கும் இரவு நித்திரை இல்லை.

அவன் சொன்ன ஒன்று மட்டும் காதில் நின்றது. போனமுறை வந்தவர். ஓம், கொழும்புக்காரர் வந்து போன பிறகுதான் இந்தக் கரைச்சல். அதற்கு முன் எந்தக் கோப்பும் அடம்பிடித்ததில்லை. 'இறந்தவர்' என்று அவள் பிழையாகச் சேர்த்த அன்றுகூட ஒரே தட்டில் மாறியது. அப்படியென்றால் வைரஸ்தானா? வைரஸ் என்றால் எல்லாக் கோப்பையும் அல்லவா பிடிக்க வேண்டும்?

சோதித்துப் பார்ப்போம் என்று தண்ணீரூற்றிலிருந்து வந்த ஒரு குடும்பத்தைத் திறந்தாள். அங்கே இரட்டித்துப்போன ஒரு கோப்பு தேவையில்லாமல் கிடந்தது. அழி என்றாள். சத்தமில்லாமல் போய்விட்டது. கிளிநொச்சியிலிருந்து நேரே வந்த இன்னொரு குடும்பம். பெயரை மாற்றினாள், மாறியது. பரந்தன், உருத்திரபுரம், அக்கராயன், ஸ்கந்தபுரம், முழங்காவில் என்று தொங்கிய ஒரு குடும்பம். தொட்டாள். குறிப்பிட்ட கோப்பைக் காணவில்லை.

கையை மவுஸிலிருந்து எடுத்துவிட்டாள்.

இன்னொன்று. பூநகரியில் தொடங்கி ஐந்து இடம். காணவில்லை. இன்னொன்று. ஒரே ஓர் இடம், மாறியது. மல்லாவியில் தொடங்கிய இரண்டு இடம், மாறியது. நெடுங்கேணியில் தொடங்கிய ஆறு இடம், காணவில்லை.

கூடுதல் தடவை ஓடியவர்களைத்தான் மெஷின் காணவில்லை என்றது.

"சின்னராசா அண்ணை" என்று கூப்பிட்டாள். "உங்கடை சொந்த இடம் எது?"

"ஏன், எனக்குக் காணி தரப்போறியளோ?"

"சொல்லுங்கோ."

"பளை. பேந்து கண்டாவளை. பேந்து தருமபுரம்... ஏன் தங்கச்சி, இதெல்லாம் இப்ப? எண்ணெய் முடியுது."

அவள் சின்னராசா என்று ஒரு போல்டரைத் திறந்து, உள்ளே வெறும் கோப்பு ஒன்றை வைத்தாள். அழி என்றாள், கோப்பு அழிந்தது. திரும்ப வைத்தாள். இப்போது போல்டரின் பெயரை நீட்டத் தொடங்கினாள். பளை. கண்டாவளை. தருமபுரம். ஒவ்வொரு ஊருக்கும் ஒருமுறை உள்ளே போய்க் கோப்பின் பெயரை மாற்றிப் பார்த்தாள். மாறியது, மாறியது. சின்னராசா ஓடிய இடங்கள் முடிந்ததும், தான் ஓடிய இடங்களையும் சேர்த்து அடித்தாள். ஓரிடத்தில் நின்றுவிட்டது. காணவில்லை. கடைசி ஊரை எடுத்தாள். கோப்பு திரும்பி வந்தது.

வைரஸ் ஒன்றும் இல்லை. பாதை நீளம். பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் பெட்டி என்று மேலிருந்து அடிவரை உள்ள எல்லாப் பெயரையும் கூட்டி ஒரு அளவு மெஷினுக்கு இருக்கிறது. எவ்வளவு என்று அவளுக்குத் தெரியாது. அதைத் தாண்டினால் கண்ணால் காட்டும், கையால் தொடவிடாது. ஒரு பெயரை எவ்வளவும் நீட்டலாம் என்று சொன்னவர், எல்லாப் பெயரையும் சேர்த்துக் கூட்டினால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. கொழும்பில் யார் ஆறு ஊரை ஒரு பெயரில் வைப்பார்கள்?

கொழும்புக்காரர் போனமுறை செய்தது என்ன என்பதும் இப்போது விளங்கியது. எல்லாவற்றுக்கும் மேலே இருந்த போல்டருக்கு நிறுவனத்தின் பெயர். அதை மாற்றி, கிளிநொச்சி அலுவலகம், இடம்பெயர்ந்து மல்லாவியில், மீண்டும் இடம்பெயர்ந்து ஸ்கந்தபுரத்தில் என்று முழுதாக எழுதிவைத்தார். பணம் தருகிற வெளிநாட்டுக்காரர் அப்படித்தான் கேட்டார்களாம். அந்த நீளம் கீழே இருந்த எல்லோர் தலையிலும் ஏறியது. ஏற்கனவே விளிம்பில் நின்றவர்கள் விழுந்துவிட்டார்கள்.

அதைச் சுருக்கினால் ஒரே தட்டில் எல்லோரும் எழும்பிவிடுவார்கள். ஆனால் தாள் அடிக்கும் புறோகிராம் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கதவைத் தட்டுகிறது. அதில் ஓர் எழுத்துக் குறைந்தாலும் தாள் வராது, பதினாறு பேரும் இல்லை. அலுவலகத்தின் பெயரில் கை வைக்க முடியாது. ஆட்களின் பெயரில்தான் வைக்க வேண்டும்.

ஜெனரேற்றரின் சத்தம் ஒருமுறை தாழ்ந்து எழும்பியது.

"தங்கச்சி!" என்றார் சின்னராசா பின்பக்கத்திலிருந்து. "டாங்கியைச் சரிச்சுப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். என்ரை கை எவ்வளவு நேரம் தாங்குமோ தெரியாது."

பத்மாசனி வடிவம்மாவின் போல்டரைத் தொட்டாள். பெயர் நீலத்தில் விழுந்தது. இப்போது வெட்டலாம். வெட்டினால் வேலை முடிந்தது. ஆனால் கை போகவில்லை. அழிச்சுப்போடாதேங்கோ என்று எத்தனை பேர் இந்த மேசைக்கு முன்னால் நின்று சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் சொல்லச் சொல்லத் தலையாட்டியவள் அவள்தான்.

"வடிவம்மா அக்கா, இஞ்சை ஒருக்கா வாங்கோ."

வடிவம்மா சுவரைத் தடவிக்கொண்டு வந்து மேசை விளிம்பைப் பிடித்தார். பிறின்ரரைத் தொட்டுப் பார்த்து, "இதுதானா என்ன சாகடிச்சது?" என்றார்.

"அது இல்லை, அது பாவம். அக்கா, உங்கடை பெயரோடை ஊரெல்லாம் போட்டு வைச்சிருக்கிறன். மாத்தளையிலை இருந்து இஞ்சை வரைக்கும். அது நீண்டு போச்சுது. அதாலைதான் பிழையைத் திருத்தேலாமல் கிடக்கு. ஒரு ஊரை மட்டும் விட்டிட்டு மிச்சத்தை எடுக்கவேணும். எதை விடட்டும்?"

பத்மாசனி மனதுக்குள் ஒரு விடையை எடுத்து வைத்திருந்தாள். மாத்தளை என்பார். பிறந்த தேயிலைத் தோட்டம், லயத்து வீடு, தாய் தகப்பன். அல்லது பொன்னையாவைப் புதைத்த நெடுங்கேணி என்பார். ஏதாவது சொல்லி அழுவார், தானும் அழ வேண்டியிருக்கும், எண்ணெய் முடிந்துவிடும்.

"கண்ணு வெட்டினதுக்கு அப்புறம் வண்டியில திருப்பிக் கொண்டாந்து வுடுவாங்கல்ல?"

"ஓம்."

"எங்க கொண்டாந்து வுடணுமோ அந்த ஊர மட்டும் வைங்க. மத்தத வெட்டிப்போடுங்க."

"மாத்தளையும் வேண்டாமோ?"

"அங்க எறக்கி வுட்டா எனக்கு வீட்டுக்கு வழி தெரியாது தங்கச்சி."

பின்பக்கத்தில் சின்னராசா டாங்கியோடு சேர்ந்து குலுங்கிச் சிரித்தது ஜெனரேற்றர் சத்தத்துக்கு மேலாகக் கேட்டது. பத்மாசனி வெட்டினாள். மாத்தளை, நெடுங்கேணி, பாரதிபுரம், முதலில் வந்த ஸ்கந்தபுரம், கோட்டைகட்டியகுளம். கடைசி ஊர் மட்டும் நின்றது. உள்ளே போய் 'இறந்தவர்' என்று இருந்த கோப்பைத் தொட்டு, அழி என்றாள்.

நிச்சயமாகவா என்று கேட்டது. மூன்று மாதத்தில் முதல் தடவையாக அது இப்படிக் கேட்கிறது.

"நிச்சயமாத்தான்" என்று சொல்லிக்கொண்டு தட்டினாள்.

போய்விட்டது.

பிறின்ரர் கரகரவென்று இழுத்து அடித்தது. பதினேழு பெயர். கடைசிக்கு முதல் வரியில் வடிவம்மா பொன்னையா, ஸ்கந்தபுரம். பக்கத்தில் ஒன்றுமில்லை. தாள் வெளியே வந்து விழவும் ஜெனரேற்றர் மூச்சு வாங்கி நின்றது. சின்னராசா கையை உதறிக்கொண்டு வந்தார்.

"இனி ஒரு சொட்டும் இல்லை. என்ரை தோள் மூட்டும் இல்லை."

ஜனார்த்தனன் வந்து தாளை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து மேலிருந்து கீழே வாசித்தான். கடைசிக்கு முதல் வரியில் கண் நின்றது. "எப்பிடி அக்கா?"

"பேந்து சொல்லுறன் தம்பி. முதல் கொண்டுபோய்க் குடுங்கோ."

"வைரஸோ?"

"இல்லை. நாங்கள்தான்."

அவன் விளங்காமல் பார்த்துவிட்டு ஓடினான். பத்மாசனி கொம்பியூட்டரைச் சேலையால் போர்த்தினாள். கூடுதல் தடவை ஓடிய குடும்பங்கள் எல்லாவற்றையும் இனி ஒவ்வொன்றாகத் திறந்து வெட்ட வேண்டும். ஊர்களெல்லாம் ஒவ்வொருவரின் கோப்புக்குள்ளும் எழுதித்தான் இருக்கின்றன, ஒன்றும் தொலையாது. அதை வருகிற ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி விளங்கப்படுத்த வேண்டும். ஒருவரும் வடிவம்மாவைப்போல லேசாகச் சம்மதிக்கப்போவதில்லை. போதாததற்குக் கிளிநொச்சிப் பக்கம் சிலர் திரும்பிப் போகத் தொடங்கிவிட்டார்கள். போகிறவர்கள் வந்து, முதலில் இருந்த ஊரையே கடைசியிலும் ஒருமுறை சேர்க்கச் சொல்கிறார்கள். நினைக்கவே கை வலித்தது.

வடிவம்மா போய், பன்னிரண்டாம் நாள் வாகனம் அவரை ஸ்கந்தபுரச் சந்தியில் இறக்கியது. அடுத்த நாள் காலை பத்மாசனி சைக்கிளைச் சாத்தும்போது வாங்கில் இருந்தார். வலக்கண்ணில் பச்சைத் துணி கட்டியிருந்தது. சைக்கிள் சத்தம் கேட்டதும் துணியின் ஓரத்தை விரலால் தூக்கினார்.

"அக்கா, அதைத் தூக்கக்கூடாது! டொக்ரர் பேசுவார்."

"ஒரு தடவ பாத்துக்கிறேன், வுடுங்க. கொரல் கேட்டுக் கேட்டு நான் ஒரு ஆள நெனச்சி வச்சிருந்தேன்." பார்த்தார். பத்மாசனியின் முகத்தை, கழுத்தை, சைக்கிள் பிடியில் இருந்த கையை. பார்த்துக்கொண்டே இருந்தார். வழக்கமான பகிடி வரவில்லை.

"என்னா தங்கச்சி, இம்புட்டு மெலிஞ்சி கெடக்கீங்க? கொரல்ல தெரியவே இல்லியே."

பத்மாசனி சைக்கிளை மரத்தோடு சாத்தினாள். உள்ளே போய்ச் சேலையை விலக்க வேண்டும். பூநகரியில் தொடங்கி ஐந்து ஊர் ஓடியவர்கள் இன்றைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

"துணியை இறக்குங்கோ அக்கா" என்றாள்.

வடிவம்மா இறக்கினார். பிறகு வாங்கில் நகர்ந்து இடம் விட்டு, பக்கத்துப் பலகையைக் கையால் தட்டினார். ஜெனரேற்றர் இன்னும் தொடங்கவில்லை. பத்மாசனி போய் உட்கார்ந்தாள்.